ஐம்பதாயிரம் கோடி மார்க்கும் ஒரு ஜரிகை இழையும்

மணி இரண்டு பத்து. ஐந்து மணிக்கு நவீன்குமார் அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாழினியின் கதை முடிந்தது.

கரீம் பாஷாவுக்கு இப்படி நேரம் குறித்து வைத்து மனிதரை மிரட்டுவது அறவே பிடிக்காது. இருபத்தாறு வருடம் முட்டை லாரி ஓட்டியவர். கேரளாவுக்கு விடிவதற்குள் போயாக வேண்டும் என்று மிரட்டிய முதலாளிகளை எல்லாம் பார்த்தவர். முதுகு வலி வந்து லாரியை விட்டபோது, நாமக்கல்லில் துப்பறியும் நிறுவனம் தொடங்கிய கோகிலவாணிக்குக் கார் ஓட்ட வந்தார். வந்த ஆறாவது மாதமே அவளுக்கு வலது கையாகிவிட்டார். இடது கை வேலையை அவருடைய வாய் பார்த்துக்கொண்டது.

யாழினி கூப்பிட்டு அவர்கள் இருவரும் வந்து நின்றது புதுச்சத்திரம் கோழிப்பண்ணையின் அலுவலக அறையில். நவீன்குமார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, நாலு பண்ணைக்குச் சொந்தக்காரன், யாரையும் உட்காரச் சொல்லாத வழக்கம். வாசல் ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் யாழினி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். மேசை மேல் மூன்று பொருள்கள். டைப் அடித்த புகார். கெட்டி அட்டை ஒன்று. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பழைய ஜெர்மன் நோட்டு.

நோட்டு வந்த கதை இதுதான். நவீன்குமாரின் அப்பா அம்மாசி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஊரே நிலம் வாங்கிப் போட்ட காலத்தில் இவர் ஐரோப்பாவின் பழைய காகித நோட்டுகளை வாங்கிச் சேர்த்தார். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி என்று அறுநூற்றுச் சொச்சம். போன வருடம் அவர் காலமானார். மகனுக்கு அந்த ஆல்பங்களின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. எந்த நாடு, எந்த வருடம், காகிதத்துக்குள் என்ன நீர்க்குறி, என்ன நிலைமை என்று ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் அட்டை எழுதித் தர இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த யாழினியை வேலைக்கு வைத்தான். நெசவுக்காரர் வீட்டுப் பெண், அருங்காட்சியகவியல் படித்தவள். மூன்று மாதத்தில் ஐந்நூற்று எண்பது அட்டை எழுதிவிட்டாள். இதற்கிடையில் சென்னையில் அருங்காட்சியக வேலைக்கும் தேர்வாகிவிட்டாள். போலீஸ் சரிபார்ப்பு மட்டும்தான் பாக்கி. அவள் இப்போது புதுச்சத்திரத்தில் தங்கியிருப்பதால் அந்தச் சரிபார்ப்புத் தாளும், நவீன்குமாரின் புகாரும் ஒரே எஸ்.ஐ.யின் மேசைக்குத்தான் போகும்.

ஆல்பத்திலேயே அபூர்வமான நோட்டு இதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றில், ஜெர்மனியில் விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறியபோது, ஏதோ ஒரு சின்ன ஊரின் நகராட்சி அவசரத்துக்கு அடித்தது. வெள்ளைத் தாள், ஒரு பக்கம் மட்டும் கறுப்பு அச்சு. மதிப்பு ஐம்பதாயிரம் கோடி மார்க். பெங்களூர் ஏஜெண்ட் ஒருவன் ஏழு லட்சம் ரூபாய்க்குக் கேட்டிருந்தான்.

"அன்னிக்கு இத வெச்சு என்னங்க வாங்கலாம்?" என்று கேட்டார் கரீம் பாஷா.

"ரெண்டு ரொட்டி," என்றாள் யாழினி, தலை நிமிராமல்.

"பரோட்டா மாஸ்டர்தான் அப்ப அந்த ஊருக்கே ராஜா," என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

நவீன்குமார் விஷயத்துக்கு வந்தான். முந்தாநாள் ஏஜெண்ட் நேரில் வந்தான். பீரோவிலிருந்து நோட்டை எடுத்து வைத்தார்கள். அவன் அதை, பண்ணையில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கின் அடியில் பிடித்தான். நோட்டு பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. நூறு வருடத்துக் காகிதம் இந்த விளக்கில் செத்த மாதிரி கிடக்கும், ஒளிர்ந்தால் அது நேற்று அடித்த தாள் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போதாததற்கு யாழினி எழுதிய அட்டையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அட்டையில் நான்கு மடிப்பு, மூலையில் பழுப்புக் கறை என்று இருந்தது. மேசையில் இருந்த நோட்டில் மடிப்பும் இல்லை, கறையும் இல்லை. பீரோவுக்கு இரண்டே சாவி. ஒன்று அவனிடம், ஒன்று இவளிடம்.

"அசல எடுத்துட்டு நகல வெச்சிருக்கறா. இதுல துப்பறியறதுக்கு என்ன மேடம் இருக்குது?" என்றான். "எஸ்.ஐ. இனியன் அஞ்சு மணிக்கு வாராரு. அதுவரைக்கும் பொறுக்கறேன்."

கோகிலவாணி மேசைக்கு அருகில் வந்தாள். ஊதா விளக்கைப் போடச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தியதும் நோட்டு, தண்ணீருக்குள் டார்ச் அடித்தது போல எரிந்தது. கரீம் பாஷா நன்றாகப் பார்க்கக் குனிந்தார். அவர் குனிந்ததும் கோகிலவாணியின் கண் நோட்டை விட்டு அவர் நெஞ்சுக்குத் தாவியது. அவருடைய வெள்ளைச் சட்டை, காலரிலிருந்து பட்டன் வரைக்கும் அதே நீலத்தில் ஜெகஜ்ஜோதியாக இருந்தது.

"பாய், நீங்களும் நேத்து அடிச்ச சரக்காட்டம் இருக்குதே," என்றாள்.

"இது எட்டு வருசச் சட்டைங்க அம்மணி. எங்க ஊட்டுல ரஹமத் பீவி வெளுப்புப் பவுடர் போட்டே அதுக்கு வயசக் குறைச்சு வெச்சிருக்கா. எனக்குத்தான் அப்படி ஒண்ணும் போடல."

கோகிலவாணி ஜன்னலைத் திறந்தாள். நோட்டை உறையிலிருந்து உருவி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாக நோட்டின் மூலையில் ரொம்ப நேரம் மேய்ந்தாள். திருப்பிப் போட்டாள். பின்பக்கத்து ஓரத்தில் தலைமயிரை விட மெல்லிய எதுவோ ஒன்று வெயிலுக்கு மினுக்கியது. ஊசி முனையால் அதை நெம்பி எடுத்து ஒரு சின்னக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். நவீன்குமார் என்னவென்று கேட்டான். தூசி என்றாள்.

அப்போது நவீன்குமாரின் மனைவி அறிவுச்செல்வி மோர் கொண்டுவந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கரீம் பாஷா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

காரில் ஏறியதும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னார். "நாலு பண்ணை வெச்சிருக்கறாங்க. மோருக்கு ஒரு கல் உப்பு போட மனசு வரல பாருங்க அம்மணி."

"ஆமாங்க பாய். நானும் கவனிச்சேன். இளம்பிள்ளைக்கு உடுங்க வண்டிய."

இளம்பிள்ளை என்றதும் அவருக்குத் திக்கென்றது. ராசிபுரம் சாலையில் திரும்பி வண்டி சீரான வேகம் பிடிக்கும் வரைக்கும் பொறுத்துக்கொண்டார். பிறகு, யாழினி ஊருக்கு எதற்கு என்று கேட்டார்.

கோகிலவாணி விளக்கினாள். யாழினியின் அட்டையில் மடிப்பு, கறை தவிர இன்னொன்றும் இருந்தது. அந்தக் காலத்து வங்கியில் நோட்டுகளைச் சேர்த்துக் குத்திய குண்டூசியின் துளை இரண்டு. நடுவில் ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி. கீழ்த்துளை, வரிசை எண்ணின் கடைசி இலக்கமான ஏழைக் குத்திக்கொண்டு போகிறது. மேசையில் இருந்த நோட்டிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. நகல் எடுக்கிறவன் கறையை விட்டுவிடுவானாம், மடிப்பை விட்டுவிடுவானாம், ஊசித்துளையை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் போடுவானாம். அப்படி ஒரு பைத்தியக்காரன் இந்த ஜில்லாவில் கிடையாது.

"மடிப்பத் தேய்ச்சு எடுத்தறலாம். கறையக் கழுவி எடுத்தறலாம். ஓட்டைய மட்டும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க பாய்," என்றாள். "அது அதே நோட்டுத்தான். யாரோ அத உங்க சட்டையாட்டம் தொவைச்சிருக்கறாங்க. வெளுப்புப் பவுடர் ஏறுனா நூறு வருசத்துக் காயிதமும் அந்த விளக்குல எரியும். மோந்து பாத்தேன், கஞ்சி வாசம் அடிக்குது."

"அந்தத் தூசி?"

"ஜரிகை."

கரீம் பாஷா கியரை மாற்றிக்கொண்டே மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். வெளுப்புப் பவுடர், கஞ்சி, ஜரிகை. இந்த மூன்றும் ஒரே கூரைக்கடியில் எங்கே இருக்கும்? வேட்டிக்குக் கஞ்சி போட்டு, பட்டுச் சேலைக்கு உருளையில் பாலீஷ் போடுகிற கடையில் இருக்கும். அந்த மாதிரிக் கடை எங்கே நிறைய? சேலை நெய்கிற ஊரில்.  நோட்டைக் காப்பாற்றப் போய் யாழினிக்கு நாமே குழி தோண்டுகிறோமே என்று வாய்விட்டே சொன்னார்.

"தெரியும்," என்றாள் கோகிலவாணி. அவள் குரலிலும் தெம்பு இல்லை. "அவ குத்தவாளியா இருந்தாலும் நமக்குத் தெரியோணுமல்லங்க. போய்த்தான் ஆகோணும்."

இளம்பிள்ளைக்குள் நுழைந்தபோது மணி மூன்று இருபது. தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் காதை அடைத்தது. முதல் கடையில் பட்டு மட்டும்தான், வேட்டி வாங்குவதில்லை என்றார்கள். இரண்டாவது கடை பூட்டிக் கிடந்தது. மூன்றாவது கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே இரண்டு ஆள் உயரத்துக்குச் சேலை ஒன்று உருளைகளுக்கு நடுவில் நழுவி இறங்கிக்கொண்டிருந்தது. உருளைக்குப் பக்கத்தில் நின்றவர் கதிர், கடைக்காரர். ஐம்பது வயதிருக்கும். கை இரண்டும் கஞ்சியில் ஊறி வெளுத்திருந்தன.

கோகிலவாணி நோட்டின் படத்தைச் செல்போனில் காட்டியதும் அவர் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"இந்தக் காயிதமுங்களா? வந்துச்சுங்க. பதினஞ்சு நாளைக்கு முந்தி. பட்டு மூணு, வேட்டி ரெண்டு, அதோட இது ஒண்ணு. எத்தன வருசமாத் தொழில் பண்றேன், காயிதத்துக்குப் பாலீஷ் கேட்டு வந்தது இதுதானுங்க மொதல் தடவ."

செய்த வேலையை அவரே பெருமையாக விவரித்தார். வேட்டித் தொட்டியிலேயே ஒரு முக்கு முக்கினாராம், கறை போயே போச்சாம். தண்ணியாக ஒரு கை கஞ்சி விட்டாராம். ஜரிகைச் சேலையின் மடிப்புக்குள் வைத்து உருளையில் விட்டதும் சலவைத்தாள் மாதிரி வந்துவிட்டதாம். இந்த மனிதர் ஏழு லட்சத்தை வேட்டித் தொட்டியில் முக்கியிருக்கிறார் என்று கரீம் பாஷாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கோகிலவாணி கேட்டாள்.

"நம்ம யாழினி சொல்லித்தானுங்க வந்துச்சு," என்றார் கதிர்.

கரீம் பாஷா கோகிலவாணியைப் பார்த்தார். அவள் செல்போனை இறக்கினாள். யாழினியே வந்தாளா என்று மெதுவாகக் கேட்டாள். கதிர் தான் பார்க்கவில்லை என்றார். அன்றைக்கு அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். துணியை வாங்கி வைத்தது அவர் மனைவி. யாழினி சொன்ன கடை என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். திரும்ப வாங்கிப் போனபோதும் மனைவிதான் இருந்தாள். மனைவி எங்கே? பழனிக்குப் பாத யாத்திரை போயிருக்கிறாள், செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மேலே ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நாற்பத்தொன்றாம் நம்பர். புதுச்சத்திரம். பட்டு மூன்று, வேட்டி இரண்டு, காயிதம் ஒன்று. பெயர் இல்லை.

நாற்பத்தொன்று என்று அழியாத மையில் எழுதிய துணித்துண்டு ஒன்றும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு துணிக்கும் ஒன்று தைத்து, திருப்பிக் கொடுக்கும்போது பிரித்து எடுத்துவிடுவாராம். கோகிலவாணி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் கரீம் பாஷா வண்டியை விரட்டினார். ஆட்டையாம்பட்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்று குறுக்கே நின்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. மணி நான்கு ஐந்து. அவர் ஹாரனில் கையை வைத்துப் பார்த்தார், இறங்கிப் போய்க் கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் முட்டை லாரிக்காரர்களுக்கே உரிய பாஷையில் நாலு வார்த்தை சொன்னபிறகுதான் அந்த டிரைவர் ஒதுங்கினான். காரில் வந்து உட்கார்ந்ததும், நம்மிடம் இருப்பது யாழினிக்கு ஆதரவான சாட்சியா, எதிரான சாட்சியா என்று கேட்டார்.

"யார் கையில இருக்குதுங்கறதப் பொறுத்துங்க பாய்," என்றாள் கோகிலவாணி. சிறிது தூரம் போனபிறகு கேட்டாள். "நீங்க உங்க சம்சாரத்தோட பட்டுச் சேலைய என்னிக்காச்சும் பாலீசுக்குக் கொண்டு போய்க் குடுத்திருக்கீங்களா?"

"சேலை எந்தப் பக்கம் முந்தி, எந்தப் பக்கம் ஓரம்னே எனக்குத் தெரியாதுங்க. ஏன் கேக்கறீங்க?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். 

பண்ணைக்குள் கார் நுழையும்போது மணி நாலு முப்பத்தெட்டு. யாழினி அதே நாற்காலியில், அதே இடத்தில் இருந்தாள். அவள் முன்னால் வைத்த மோர் அப்படியே இருந்தது. கோகிலவாணி அலுவலகத்தில் நிற்காமல், நோட்டை எடுத்துக்கொண்டு முட்டைகளைத் தரம் பிரிக்கும் அறைக்கு வரும்படி நவீன்குமாரிடம் சொன்னாள். எல்லோரும் பின்னாலேயே போனார்கள்.

அரைகுறை இருட்டான அறை. நடுவில் ஒரு மரப்பெட்டி, உள்ளே பல்பு, மேலே முட்டையை வைத்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு ஒரு துளை. நவீன்குமார் இருபது வருடமாக இந்தத் துளையில் முட்டை வைத்துப் பார்த்தே பழகியவன்.

"இத நான் சொல்ல வேண்டாம். பெங்களூர்க்காரனும் சொல்ல வேண்டாம்," என்றாள் கோகிலவாணி. "அட்டைல தேனடைக் கட்டம்னு நீர்க்குறி எழுதியிருக்குது. மேல அச்சடிச்ச கட்டமா, காயிதத்துக்குள்ளயே இருக்கற கட்டமான்னு நீங்களே பாருங்க. முட்டைல கறை ஓட்டு மேலயா, விரிசல் உள்ளயான்னு உங்களுக்குத் தெரியாததா?"

நவீன்குமார் நோட்டைத் துளையின் மேல் விரித்தான். வெறும் வெள்ளைத் தாளாக இருந்ததில் அறுகோணம் அறுகோணமாக ஒரு தேனடை எழுந்து வந்தது. அவன் திருப்பிப் போட்டுப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான். நகத்தால் மேலே தடவிப் பார்த்தான். முட்டையைப் பார்க்கிறபோது அவன் கண்ணுக்கு வருகிற அதே கூர்மை இப்போது வந்தது.

"உள்ள இருக்குதுங்க," என்றான் கடைசியில். குரல் மாறியிருந்தது. "இது எங்கப்பன் நோட்டுத்தான்."

ஊசித்துளையை அவள் காட்டினாள். நீல ஒளிக்குக் காரணம் சொன்னாள். இளம்பிள்ளைக் கடையின் நாற்பத்தொன்றாம் நம்பர் துணித்துண்டையும், செல்போனில் இருந்த பக்கத்தையும் காட்டினாள். யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. யாழினி முதல் தடவையாக நிமிர்ந்தாள். அறை வாசலில் காப்பித் தட்டோடு அறிவுச்செல்வி வந்து நின்றதைக் கரீம் பாஷா அப்போதுதான் கவனித்தார்.

நவீன்குமாரின் முகத்தில் ஏழு லட்சம் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் அடுத்த சந்தேகமும் வந்தது. கழுவின நோட்டுக்கு விலை குறையுமா என்று கேட்டான். சேகரிப்பவர்கள் அழுக்கோடு இருப்பதைத்தான் விரும்புவார்கள், கழுவித் தேய்த்ததற்குக் கால்வாசிகூடத் தர மாட்டார்கள் என்று யாழினி உள்ளதைச் சொன்னாள்.

அவன் நோட்டைப் பெட்டியின் மேலிருந்து எடுத்து உறைக்குள் போட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றை எடுத்து, பேனாவோடு யாழினியிடம் நீட்டினான்.

"நடந்தது நடந்துபோச்சு. கழுவினது இங்க இருக்கற நமக்குத்தான் தெரியும். மடிப்பு இல்ல, கறை இல்ல, முதல் தரம்னு புதுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வேற விளக்கு, வேற ஏஜெண்ட்டு பாத்துக்கறேன். புகார இப்பவே கிழிச்சுப் போட்டர்றேன்."

"எழுதலைன்னா?" என்றார் கரீம் பாஷா.

"கடை அவ ஊர்ல. கடைக்காரன் அவளுக்குத் தெரிஞ்சவனாத்தான் இருப்பான். பீரோச் சாவி அவகிட்ட. எடுத்துட்டுப் போய்க் கழுவிக் கெடுத்துப்போட்டான்னு புகார மாத்தி எழுதறதுக்கு எனக்கு எத்தன நேரம் ஆகும்?"

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஐந்துக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. கரீம் பாஷாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. காரில் கேட்ட அந்தச் சேலைக் கேள்வி இப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தது. கட்டிய புருஷன் எவன் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு பாலீஷ் கடைக்குப் போவான்? பதற்றத்தில் உப்பு போட மறந்த மோர்! இரண்டே சாவி என்றானே, புருஷன் சாவியை எடுக்கப் பெண்டாட்டிக்கு யாரைக் கேட்க வேண்டும்? அவர் வாயைத் திறந்தார். கோகிலவாணி அவர் காலை ஓங்கி மிதித்தாள். நாம் சொன்னால் அறிவுச்செல்வி இல்லை என்பாள், இல்லை என்றுவிட்டால் கதிரின் மனைவி பழனியிலிருந்து வரும்வரைக்கும் யாழினி ஸ்டேஷனில்தான் என்று அந்த மிதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. வலியோடு வாயை மூடிக்கொண்டார்.

யாழினி அட்டையை வாங்கிக்கொண்டாள். பெட்டியின் மேல் வைத்து நிதானமாக எழுதினாள். நவீன்குமார் இளகினான். எஸ்.ஐ. இனியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தபோது அவள் எழுதி முடித்திருந்தாள். அட்டையை நேராக அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார்.

"அசல். நிலை: நீரில் கழுவி, வெளுத்து, கஞ்சியிட்டு, உருளையில் அழுத்தப்பட்டது. முந்தைய மடிப்பும் கறையும் நீங்கியுள்ளன. ஊசித்துளை இரண்டு. யாழினி."

"அட்டைல பொய் எழுத எனக்கு வராதுங்க," என்றாள் யாழினி.  "வேலை போனாப் போகுது. நாளைக்கு இந்த அட்டைய நம்பி ஒருத்தர் அந்த நோட்ட வாங்குவாங்க."

நவீன்குமார் எஸ்.ஐ. பக்கம் திரும்பினான். இவள்தான் எடுத்துப் போய்க் கெடுத்தாள், எழுதிக்கொள்ளுங்கள் என்றான். இனியன் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் வாசலில் நின்ற அறிவுச்செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெருமூச்சு விட்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, யாழினியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டார்.

காப்பித் தட்டு தரையில் உட்கார்ந்தது. போடவில்லை, குனிந்து வைத்தாள். நிமிர்ந்தபோது அறிவுச்செல்வியின் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அவ பேர எழுதாதீங்க. நாந்தானுங்க குடுத்தேன்."

நவீன்குமார் அவள் பக்கம் திரும்பினான்.

"பாலீசுக்கு நல்ல கடை எதுன்னு இவகிட்டக் கேட்டேன். சொன்னா. அத்தனதான் இவளுக்குத் தெரியும். உங்க சாவிய எடுத்து நாந்தான் பீரோவத் தொறந்தேன். பெரிய எடத்து ஆளு வாராரு, மாமனாரு நோட்டு கறையும் மடிப்புமாக் கெடக்குதேன்னு இருந்துச்சு." புருஷனைப் பார்த்தாள். "அழுக்கு முட்டைக்கு எவன் முழு ரேட்டுக் குடுப்பான்னு இருவது வருசமா நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. தொடைச்சுத்தான தட்டுல அடுக்குறோம். அப்பிடித்தான் நெனச்சேன். போலின்னு அந்தாளு சொன்னதும் கடைக்காரன் மாத்திப்போட்டானோன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன். இந்தப் புள்ள ரெண்டு நாளா அழுகுறதப் பாத்துக்கிட்டே மூடிக்கிட்டேன். என்னைய எழுதிக்குங்க சாமி."

 அந்தப் பக்கம் கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழிகள் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தன. நவீன்குமார் மனைவியைப் பார்க்க முடியாமல் நோட்டைப் பார்த்தான், நோட்டைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தான். பிறகு மடித்து வைத்திருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தான். அப்புறம் எட்டாகக் கிழித்தான்.

இனியன் குறிப்புப் புத்தகத்தை மூடினார். சொந்த வீட்டு நோட்டைச் சொந்த வீட்டு அம்மா சலவைக்குப் போடுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்றார். காப்பி ஆறிவிட்டதா என்று விசாரித்தார். யாழினியின் சரிபார்ப்புத் தாள் நாளைக் காலையில் சென்னைக்குப் போய்விடும் என்று, ஏதோ மறந்துபோனதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

கரீம் பாஷா ஆறின காப்பியை எடுத்துக் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது. மிதிபட்ட காலுக்குத் தனியாக ஒரு பில் போட வேண்டும் என்று கோகிலவாணியின் காதில் சொன்னார்.

நவீன்குமாருக்குக் கடைசி வரைக்கும் மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. யாழினி பைக்குள் பேனாவைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தான். தொண்டையைச் செருமினான்.

"இன்னும் முப்பது அட்டை பாக்கி இருக்குது. சென்னைக்குப் போறதுக்குள்ள முடிச்சுக் குடுக்க முடியுமா சாமி? எங்கப்பன் ஆசையாச் சேத்தது."

யாழினி திரும்பி நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து பீரோச் சாவியை எடுத்தாள். அவன் கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய், இன்னும் அழுதுகொண்டு நின்ற அறிவுச்செல்வியின் உள்ளங்கையில் அதை வைத்து விரல்களை மடக்கினாள்.

"நாளைக்கு வாரனுங்க," என்றாள். "அக்கா தொறந்து விடட்டும்."